முன்சக்கரம் இரண்டும் பழையவை

கல்யாணத்துக்கு முன்பே என் மனைவியிடம் ஒரு கார் இருந்தது. அறுபதுகளின் கடைசியில் ஜப்பானில் செய்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். முன்னால் இரண்டு இருக்கைகள், அவற்றுக்குப் பின்னால் ஒரு குடையைக்கூட நேராகப் படுக்க வைக்க முடியாத இடம். அவள் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்த தட்டச்சுப் பள்ளியில் ஆசிரியை. பள்ளியை நடத்தி வந்த யாழ்ப்பாணத்துப் பெரியவர் பிள்ளைகளோடு இருக்க ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது, பள்ளியை வேறொருவருக்கும் காரை இவளுக்கும் விற்றுவிட்டுப் போனார். காரைக் கேட்டு வேறு ஆட்களும் வந்தார்களாம். "பிள்ளை, உமக்குத்தான் இதின்ட குணம் தெரியும்" என்று சொல்லிச் சாவியை இவள் கையில் கொடுத்தாராம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வரும் பெருமையை நான் கல்யாணமான புதிதில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எனக்கு அந்தக் கார் பிடிக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வாடகை வீட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி இருந்த ரயில்வே சரக்கு அலுவலகத்தில் நான் கிளார்க்காக இருந்தேன். மோட்டார் சைக்கிளில் போய்வருவேன். "மேடம் ஸ்போர்ட்ஸ் கார்ல, நீ மோட்டார்ல, என்னா பாஸ் இது?" என்று ஆபீசில் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்தால் முகம் கடுகடுவென்று இருக்கும். என்னிடம் கார் லைசென்ஸ் இருந்தது, ஆனாலும் அந்தக் காரின் ஸ்டீயரிங்கை ஒருநாளும் தொட்டதில்லை. எங்காவது சேர்ந்து போவதென்றால் முழங்கால்களை மடக்கிக்கொண்டு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வருவேன். பெண்டாட்டி ஓட்ட நான் உட்கார்ந்து போகிறேன் என்று யாரும் நினைத்தார்களோ இல்லையோ, நான் நினைத்தேன்.

நான்காவது வருஷத்தில் அவள் கர்ப்பமானாள். ஐந்தாம் மாதம் அது கலைந்துபோனது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் கிள்ளானிலிருந்து என் பெரியம்மா பார்க்க வந்தார். வாசலில் நின்ற காரைப் பார்த்துவிட்டு, "தரையோட தரையா ஒட்டிக்கிட்டுப் போற வண்டி. குலுக்காம என்ன செய்யும்?" என்றார். அவர் யோசிக்காமல் சொல்லிவிட்டார். அவர் போன பிறகு நான் சொன்னது அப்படி இல்லை. "அந்தக் காராலதான் எல்லாம். வித்துத் தொலை" என்றேன். அவள் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். திரும்பவில்லை. எனக்குள் இருந்த துக்கத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று தெரியாமல் அவள்மேல் இறக்கிவிட்டேன் என்று இன்றைக்கு எழுத முடிகிறது. அன்றைக்கு நான் நியாயமாகப் பேசியதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காரை அவள் விற்கவில்லை, ஓட்டவும் இல்லை. ஒரு பச்சைக் கான்வாஸ் துணியைப் போட்டு மூடிவிட்டு மினி பஸ்ஸில் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். வீட்டில் சமைத்தாள், பேசினாள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்தாள். எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் முன்பெல்லாம் அன்றைக்கு வகுப்பில் யார் எந்த எழுத்தை மாற்றி அடித்தார்கள் என்று சொல்லிச் சிரிப்பாள். அது நின்றுவிட்டது.

எட்டு மாதம் அப்படியே ஓடியது. ஒரு சாயங்காலம் நல்ல மழை. மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு மோட்டாரில் வந்துகொண்டிருந்தேன். டவுனில் ஒரு வேலையாகப் போயிருந்ததால், அவள் பள்ளிப் பக்கமாக வழி. அங்கே பஸ் ஸ்டாப்பில் அவள் நின்றாள். செய்தித்தாளைத் தலைக்குமேல் பிடித்திருந்தாள். வந்த மினி பஸ்ஸில் படிக்கட்டுவரை ஆள் தொங்கியது. ஒரு அடி முன்னால் வைத்தவள் மறுபடி பின்னால் போய் நின்றுகொண்டாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் வண்டியை நிறுத்தாமல் வந்துவிட்டேன். வெட்கம்தான்.

வீட்டுக்கு வந்து கான்வாஸைத் தூக்கிப் பார்த்தேன். டயர் நான்கும் காற்றிறங்கி, இரும்பு ரிம்களில் பெயிண்ட் உரிந்து துரு பூத்திருந்தது. அவள் நனைந்து வந்ததும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வார்த்தையைத் தயார் செய்தேன். வந்தாள். துண்டை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். மன்னித்துக்கொள் என்று எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

அதனால் ரிம் வாங்கப் போனேன்.

அவள் இரண்டு வாரம் செமினியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்த சமயம் அது. அந்தக் காரைப் பல வருஷமாகப் பார்த்துவந்த மெக்கானிக் ஒருவர் கோலாலம்பூரிலேயே பழைய கிள்ளான் சாலையில் இருந்தார். முறையாக அவரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் அவர் இவளிடம் சொல்லிவிடுவார், ஆச்சரியம் போய்விடும் என்று கேட்கவில்லை. நேராகக் கிள்ளானுக்குப் போனேன். ஜப்பானிலிருந்து பாதிப் பாதியாக வெட்டிக் கொண்டுவந்த பழைய கார்களை விற்கும் கடைகள் அங்கே வரிசையாக இருந்தன. அதில் ஒன்றில் ரிம்களைச் சுவர் முழுக்க மாட்டி வைத்திருந்தார்கள்.

கடைக்காரர் சீனர். ரப்பர் தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவராம், தமிழ் நன்றாகவே பேசினார். நான் காட்டியது வெள்ளியாய் மின்னிய ஒரு செட். நடுத்தட்டு உள்ளே ஆழமாகப் போய், வெளிப்பக்கம் சட்டி மாதிரி குழிந்திருக்கும். அந்த வருஷங்களில் கோலாலம்பூர் முழுக்க அந்த மாதிரி ரிம்தான் மோகம்.

"அண்ணே, நல்ல கண்ணு ஒனக்கு. இது பாகுஸ் லா, நல்ல சாமான்" என்றார்.

"எங்க காருக்குப் போடலாமா?" என்று காரின் மாடலைச் சொல்லிக் கேட்டேன்.

"நாலு ஓட்டை, அதே அளவு. நட்டு உள்ள போவும். போலே, போலே, போடலாம்." பிறகு ஒரு கணம் யோசித்தவர், "ஆஃப்செட் மட்டும் வேற. கொஞ்சம் வெளிய நிக்கும். அதுதான் அழகு" என்றார்.

ஆஃப்செட் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. அழகு என்ற சொல்லோடு திருப்திப்பட்டுக்கொண்டேன். கடை லோரியிலேயே காரை ஏற்றிக்கொண்டு போய், அகலமான புது டயரோடு நான்கையும் மாட்டி, பேட்டரியையும் மாற்றி, லோரியிலேயே கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டார்கள். பழைய ரிம்கள் வேண்டாமா என்று கேட்டார் கடைக்காரர். அந்தத் துருவை இன்னொரு தடவை பார்க்க எனக்கு மனமில்லை. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டு வந்தேன்.

அவள் திரும்பிவந்த அன்று கான்வாஸ் இல்லாமல் கார் நின்றது. பையைக் கீழே வைக்காமலேயே ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். குனிந்து, முன்சக்கரத்தின் குழிக்குள் உள்ளங்கையை விட்டுப் பார்த்தாள்.

"நீங்களா செஞ்சீங்க?"

"ம்."

"என் காருக்கா?"

சாவியை நீட்டினேன். தனியாக ஓட்டிக்கொண்டு போனவள் இருபது நிமிஷம் கழித்து வந்தாள். நெற்றியில் வேர்வை. "நல்லா இருக்கு" என்றாள். கண் கலங்கியிருந்தது. நான் கேட்க வேண்டிய மன்னிப்பைக் கேட்டாகிவிட்டது, அவளும் கொடுத்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

அதன் பிறகு ஐந்து மாதம் எனக்கு நல்ல காலம். அவள் மறுபடியும் காரில் போனாள். ரிம்களை ஞாயிறுதோறும் பல் துலக்கும் பிரஷ்ஷால் நான் தேய்த்துக் கழுவினேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். ஆபீசில் கிண்டல் செய்தவர்களே எந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்டார்கள். அந்தக் காரில் எனக்கும் ஒரு பங்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

அவளுடைய கை வலி எப்போது ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியவில்லை. முதலில் தைல வாசனைதான் வந்தது. பிறகு ஒருநாள் தேங்காய் துருவ உட்கார்ந்தவள் பாதியில் எழுந்துவிட்டாள். பிறகு டீ குவளையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் மணிக்கட்டை அழுத்திப் பார்த்து, என்ன வேலை என்று கேட்டார். நான்தான் முந்திக்கொண்டு தட்டச்சு என்றேன். அவர் தலையாட்டினார். வேறென்ன கேட்க வேண்டும்? கட்டுப்போட்டு, வேலையைக் குறைக்கச் சொன்னார்.

"சாயங்கால வகுப்ப விட்டுடேன்" என்றேன் வீட்டுக்கு வந்து.

அந்தச் சாயங்கால வகுப்பில் இருந்தவர்கள் பகலில் தொழிற்சாலையிலும் கடையிலும் வேலை செய்துவிட்டு வரும் பெண்கள். அதுதான் அவளுக்குப் பிடித்த வகுப்பு. "இந்த செட்டு பரீட்சை எழுதி முடிக்கட்டும். அப்புறம் விட்டுடுறேன்" என்றாள். பள்ளிக்காரரிடம் கொடுக்க ஒரு கடிதமும் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

பரீட்சைக்கு முந்தின சனிக்கிழமை காலை. காரில் ஏறி உட்கார்ந்தவளால் சாவியைத் திருகக்கூட முடியவில்லை. இடதுகையால் முயன்று பார்த்தாள். நான் கைலியோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே போய்க் கால்சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "தள்ளு, நான் ஓட்டுறேன்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். சட்டென்று, "வேணாங்க, டாக்சியில போயிடுறேன்" என்றாள். நான் கேட்கவில்லை.

முதல் திருப்பத்திலேயே எனக்கு என்னவோ போல் இருந்தது. ஸ்டீயரிங் திரும்ப மாட்டேன் என்றது. சின்னக் கார், இவ்வளவு கனமா என்று இரண்டு கையாலும் இழுத்தேன். ரோட்டில் ஒரு பள்ளம் வந்தால் ஸ்டீயரிங் கையை உதறியது. நேர் ரோட்டில் கூட லோரி டயர் பதிந்த தடத்தைப் பிடித்துக்கொண்டு வண்டி தானாக ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனது.

மஸ்ஜித் இந்தியாவில் நிறுத்த இடம் கிடைப்பதே பெரிய காரியம். இரண்டு வேனுக்கு நடுவே ஓர் இடைவெளி இருந்தது. பின்பக்கமாக விட்டு நுழைக்க வேண்டும். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். நகரவில்லை. உடம்பைச் சாய்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். என் தோளில் சுருக்கென்றது.

"தினமும் இப்படித்தானா?" என்றேன்.

"பின்னால லோரி நிக்குது."

"கேக்குறேன்ல. இப்படித்தான் ஓட்டினியா இத்தன நாளும்?"

"ரிம் மாத்துனதுலேருந்து இப்படித்தான்" என்றாள். "மொதல்ல வண்டிய உள்ள விடுங்க. ஹோன் அடிக்கிறான்."

வண்டியை எப்படியோ உள்ளே விட்டேன். அவள் இறங்கி மாடிப்படி ஏறிப் போனாள். நான் எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவள் மணிக்கட்டைத் தட்டச்சு கெடுக்கவில்லை. பதினோரு வருஷம் தட்டச்சு அடித்தும் ஒருநாள்கூட வலித்ததில்லை என்று டாக்டரிடம் சொல்ல அவளுக்கு நான் இடமே தரவில்லை.

வகுப்பு முடிந்ததும் அவளை ஏற்றிக்கொண்டு பழைய கிள்ளான் சாலை மெக்கானிக்கிடம் போனேன். ஐம்பதை நெருங்கிய, வயிறு பெருத்த மனிதர். காரைச் சுற்றிப் பார்த்தார். மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்த டயரைக் காலால் தட்டினார்.

"தங்கச்சி, இத எத்தன மாசமா ஓட்டுற?"

"அஞ்சு மாசம் இருக்கும்ணே."

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. ஜாக் போட்டு முன்சக்கரத்தைக் கழற்றித் தரையில் படுக்க வைத்தார். "இங்க பாருங்க சார். இந்தத் தட்டுதான் வண்டியில போய் ஒக்காருது. ரிம்மோட நட்ட நடுவுலேருந்து தட்டு எவ்வளவு தள்ளி இருக்கு, அதுதான் ஆஃப்செட். ஒங்க பழைய ரிம்முல தட்டு நடுவுக்குப் பக்கத்துலயே இருந்துச்சு. இதுல தட்டு உள்ள போயிடுச்சு, சக்கரம் வெளிய வந்துடுச்சு."

"வெளிய வந்தா?"

பக்கத்தில் இருந்த தண்ணீர் வாளியை எடுத்து என் கையில் கொடுத்தார். "ஒடம்போட ஒட்டிப் புடிங்க. கனமா இல்லல்ல? இப்ப கைய நீட்டிப் புடிங்க." நீட்டினேன். வாளி கையைக் கீழே இழுத்தது. "அதே வாளிதான் சார். ஸ்டீயரிங் திருப்புறப்ப பழைய சக்கரம் நின்ன எடத்துலயே சுத்தும். இது வெளிய நிக்கிறதால அரைவட்டம் போட்டுத்தான் திரும்பும். அகல டயர் வேற. அந்த இழுப்பு எல்லாம் தங்கச்சி கைக்குத்தான் வருது. இன்னும் ஒரு வருஷம் ஓடுனா பேரிங்கும் போயிடும்."

"இப்ப என்ன செய்யலாம்?"

"பின்னால ரெண்டும் கெடக்கட்டும், அது திரும்பாத சக்கரம். முன்னால மட்டும் பழசு வேணும். எங்க வெச்சிருக்கீங்க?"

நான் அவளைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையிலேயே கிள்ளானுக்குப் போனேன். பழைய ரிம்களில் இரண்டைப் பந்திங்கில் இளநீர் விற்கிற ஒருவர் தன் தள்ளுவண்டிக்கு வாங்கிக்கொண்டு போய்விட்டாராம். மற்ற இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே பலகை போட்டு, கடைக்காரர் அதன்மேல்தான் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். என் மனைவியின் கையைப் பற்றியும் சொன்னேன். அவர் எழுந்து நின்றார்.

"அய்யோ, பொம்பள ஓட்டுற கார்னு நீ சொல்லல லா" என்றார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "நானும் கேக்கல" என்றார். இரண்டையும் அவரே கயிறு போட்டு மோட்டாரின் பின்னால் கட்டிக் கொடுத்தார்.

அன்று மத்தியானம் வீட்டு வாசலில் உட்கார்ந்து துருவைத் தேய்த்தேன். அவள் எதிரில் ஒரு முக்காலி போட்டு, கட்டுப்போடாத கையால் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் சொல்லல?" என்றேன்.

அவள் தண்ணீரை ரிம்மின் மேல் ஓடவிட்டாள். "சொன்னா, அப்ப காரையே வித்துடுன்னு சொல்வீங்களோன்னு பயம்."

நான் பிரஷ்ஷைக் கீழே வைத்தேன். அதற்குமேல் தள்ளிப்போட முடியவில்லை. "அன்னைக்கு நான் சொன்னது தப்பு. அந்தக் காரால இல்ல. ஒன்னாலயும் இல்ல. என்னை மன்னிச்சுடு" என்றேன். சொல்லி முடிக்கும்போது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

அவள் உடனே அழவில்லை. "நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றாள். "காராலதான்னு. பெரியம்மா சொல்றதுக்கு முன்னாலயே நெனச்சிட்டேன். ரெண்டு மாசம் கழிச்சுத் தனியாப் போய் ஆஸ்பத்திரியில அந்த லேடி டாக்டரப் பாத்தேன். கார் ஓட்டுனதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு அவங்க ரெண்டு தடவ சொன்னாங்க. வீட்டுக்கு வந்து ஒங்ககிட்ட சொல்லணும்னு நெனச்சேன். நீங்க அதப் பத்திப் பேச்சே எடுக்கல. நானா எப்படி எடுக்குறது?"

அப்போதுதான் அழுதாள். குழாய் கீழே விழுந்து வாசலெல்லாம் தண்ணீர் ஓடியது. நான் துருக் கையோடு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எதிர்வீட்டுப் பெண்மணி ஜன்னலில் நின்று பார்த்ததும், பார்த்துவிட்டுத் திரையை இழுத்துவிட்டதும் நினைவிருக்கிறது.

அந்த வாரமே ரிம்களுக்குச் சாம்பல் நிறப் பெயிண்ட் அடித்து, குறுகலான டயர் போட்டு, மெக்கானிக் முன்னால் மாட்டிக் கொடுத்தார். மேடு ஏறி இறங்கும்போது பின்டயர் மட்கார்டின் விளிம்பில் உரசாமல் இருக்க, விளிம்பைச் சுத்தியால் உள்பக்கம் மடித்தும் விட்டார். கார் பார்க்கக் கோமாளித்தனமாக இருந்தது. முன்னால் சாதுவான இரும்பு ரிம், பின்னால் மின்னுகிற சட்டி ரிம். அவள் ஒரு வட்டம் ஓட்டிவிட்டு வந்து இறங்கி, சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்தவே முடியவில்லை.

கை முழுதாகக் குணமாக மூன்று மாதம் ஆனது. அதுவரை காலையில் நான் கொண்டுபோய் விட்டேன். கைப்பையிலிருந்த கடிதத்தை அவள் கிழித்துப் போட்டாள். அந்தச் சாயங்கால வகுப்பிலிருந்து பரீட்சை எழுதியவர்களில் இரண்டு பேர் பிறகு எங்கள் ரயில்வே அலுவலகத்திலேயே தட்டச்சர்களாக வந்து சேர்ந்தார்கள்.

கட்டு அவிழ்த்த வாரத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம் கிள்ளான் துறைமுகம்வரை போனோம். அவள்தான் ஓட்டினாள். சுபாங் ஜெயா தாண்டி ஒரு பெட்ரோல் நிலையத்தில் எண்ணெய் ஊற்றியவர் ரிம்களை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "அக்கா, ரெண்டு ரெண்டா வேற வேற போட்டுட்டாங்க. யாரோ ஏமாத்திட்டாங்க ஒங்கள" என்று மிகுந்த அக்கறையோடு சொன்னார். "தெரியும் தம்பி" என்றாள் அவள்.

கடலோரம் ஒரு கடையில் மீ கோரேங் என்ற வறுத்த நூடுல்ஸ் வாங்கிக் காருக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். கப்பல்கள் அசையாமல் நின்றன. அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "பேர்கூட யோசிச்சு வெச்சிருந்தேன்" என்றாள். எதைப் பற்றி என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. என்ன பெயர் என்று மட்டும் கேட்டேன். ஆணானால் ஒன்று, பெண்ணானால் ஒன்று, இரண்டும் சொன்னாள். எனக்குப் பெண் பெயர்தான் அதிகம் பிடித்தது. சொன்னேன். அவளுக்கும் அதுதான் பிடிக்குமாம்.

எங்களுக்குப் பிறகு குழந்தை பிறக்கவில்லை. கார் இன்னும் எட்டு வருஷம் எங்களோடு இருந்தது. கடைசியில் தரைத்தகடு துருப்பிடித்து, மழையில் காலடியில் தண்ணீர் வர ஆரம்பித்த பிறகுதான் விற்றோம். அதற்குள் அதை இருவருமே ஓட்டப் பழகியிருந்தோம். போகும்போது அவள், வரும்போது நான்.